கணினிக் கணக்கும் மாணவர் தணிக்கையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராமக் கணக்கைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். கணக்கு என்றவுடன் சிலருக்குக் கொட்டாவி வரும்; சிலருக்குக் கவலை வரும். ஆயினும் ஊராட்சி என்பது கணக்கில்தான் நிற்கிறது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டது அது. குடவோலை முறையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அதே கல்வெட்டில் உள்ள வேறொரு விதியை அடிக்கடி மறந்துவிடுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்று அது கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்ச்சபை கணக்கைக் கேட்டது. கேட்கும் உரிமையைக் கல்லிலும் வெட்டி வைத்தது.

அன்று கணக்கு ஓலையில் இருந்தது. பின்னர்க் காகிதப் பேரேட்டுக்கு வந்தது. இன்று அது கணினிக்குள் சென்றுவிட்டது. பட்டாவும் சிட்டாவும் கணினியில் இருக்கின்றன. நியாய விலைக் கடையில் அரிசி வாங்கினால் எந்திரத்தில் பதிவாகிறது. முதியோர் ஓய்வூதியம், வீடு கட்டும் உதவி, பயிர்க் காப்பீடு, உழவர்களுக்கான உதவித் தொகை ஆகிய யாவும் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் சேர்த்துக் கட்டிய ஒரு சங்கிலியின் வழியாகவே வந்து சேருகின்றன. இச்சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் பயன் நின்றுவிடும். எங்கே விட்டுப் போயிற்று என்பதைப் பயனாளி அறிய மாட்டார். பல வேளைகளில் அலுவலரும் அறிய மாட்டார்.

ஆகவே, ஊர்க் கணக்கைக் கேட்ட கிராமம் இனிக் கணினிக் கணக்கையும் கேட்கப் பழக வேண்டும். அதற்கு யார் துணை செய்வார்கள்? நம் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் துணை செய்ய முடியும் என்பதே நான் இன்று எடுத்துரைக்க விரும்பும் கருத்து. படிப்பின் ஒரு பகுதியாக நான்கைந்து வாரங்கள் கிராமத்தில் தங்கி, அரசின் கணினித் திட்டங்கள் உண்மையில் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை அவர்கள் சரிபார்க்க வேண்டும். அதனை நாம் வரவேற்க வேண்டும்.

கணினியால் விளைந்த நன்மை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணினியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. முன்பெல்லாம் ஒரு பேரேட்டைப் பார்க்க வேண்டுமானால் அலுவலகப் பெட்டியின் சாவியை வைத்திருப்பவரின் தயவு வேண்டும். 1997-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு தகவல் அறியும் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றியது. 2005-ஆம் ஆண்டில் இந்திய நாடு முழுமைக்கும் அத்தகைய சட்டம் வந்தது. அதன் பின்னர் வேலைவாய்ப்புத் திட்டக் கணக்குகள் பெரும்பாலும் இணையத்தில் வெளியிடப்பட்டன. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி எழுதப்பட்டது என்பதை எந்த ஊரிலிருந்தும் எவரும் பார்க்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

எனினும், பார்க்கலாம் என்பது வேறு, பார்த்தல் என்பது வேறு. ஏற்றப்பட்ட கணக்கை யாரேனும் எடுத்துவந்து, சம்பந்தப்பட்டவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “அம்மா, உங்கள் பெயரில் இத்தனை நாள் வேலை எழுதப்பட்டிருக்கிறது, சரிதானா?” என்று கேட்டால்தான் கணக்கின் மெய்யும் பொய்யும் வெளிப்படும். கணினி தனக்குச் சொல்லப்பட்டதைத் திருப்பிச் சொல்லும். சொல்லப்பட்டது உண்மையா என்று அதற்குத் தெரியாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்து, 2023-ஆம் ஆண்டில் தமது அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தார். பத்து ஒன்பதுகளைக் கொண்ட ஒரே ஒரு கைப்பேசி எண்ணில் 7,49,820 பயனாளிகள் பதிவு செய்யப்பட்டிருந்ததாக அவ்வறிக்கை தெரிவித்தது. எண்ணைக் கேட்டு எழுத நேரமில்லாத இடங்களில், கட்டம் காலியாக இருந்தால் கணினி ஏற்காது என்பதற்காக, ஒன்பதை வரிசையாக அழுத்திவிட்டால் கணினி அதனை ஏற்றுக்கொள்கிறது. கட்டம் நிறைந்ததா என்பதே அதன் கேள்வி. எண் மெய்யா என்று வீட்டில் சென்று கேட்பது மனிதனின் வேலை.

பொது விசாரணை வளர்ந்த வரலாறு

கணக்கை மக்கள் முன்னிலையில் படித்துக்காட்டும் முறைக்கு நம் காலத்தில் புத்துயிர் அளித்தவர்கள் இராஜஸ்தான் மாநிலத்து ஏழை விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் ஆவர். 1990-ஆம் ஆண்டில் அவர்கள் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். ஆட்சிப் பணியிலிருந்து விலகிவந்த அருணா ராய் அம்மையார் அதை நிறுவியவர்களுள் ஒருவர். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்ற ஊரில் அவர்கள் முதல் பொது விசாரணையை நடத்தினார்கள். வேலைக் கணக்குகள் உரக்கப் படிக்கப்பட்டன. யாருடைய பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததோ, அவர்களே எழுந்து தாங்கள் அந்த வேலையைச் செய்ததுண்டா என்று ஊரறியச் சொன்னார்கள்.

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இம்முறையைச் சட்டமாகவே ஆக்கிற்று. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது. 2006-ஆம் ஆண்டிலிருந்து ஆந்திரப் பிரதேசம் இதனைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. கூலி வேலை செய்யும் குடும்பங்களிலிருந்தே படித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து, தம் ஊரல்லாத பிற ஊர்களுக்கு அவர்களை அனுப்பினார்கள். 2017-ஆம் ஆண்டில் மேகாலயா மாநிலம் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் செய்து, இந்தியாவில் அவ்வாறு செய்த முதல் மாநிலமாயிற்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக, ஆண்டுக்கு 125 நாள் வேலை என்று கூறும் புதிய சட்டத்தை இயற்றியது. அதில் எந்திரக் கண்காணிப்புக்கு முன்னிலும் மிகுதியான இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. சமூகத் தணிக்கையும் அதில் இடம்பெற்றிருக்கிறது. எந்திரக் கண்காணிப்பு பெருகுமளவுக்கு அதனைச் சரிபார்க்கும் மனிதக் கண்ணும் கூர்மையடைய வேண்டும்.

ஜார்க்கண்டில் மாணவர்கள் கண்டது

மாணவர்கள் இத்தகைய வேலையைச் செய்ய முடியுமா என்று சிலர் கேட்கலாம். செய்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்களான ஜீன் த்ரேஸ், ரீத்திகா கேரா முதலியோரின் வழிகாட்டுதலில் பல்கலைக்கழக மாணவர்கள் கோடை விடுமுறைகளில் கிராமங்களுக்குச் சென்று அரசுத் திட்டங்களை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். 2017 ஜூன் மாதத்தில் ஜார்க்கண்ட் மாநிலத்தின் 32 கிராமங்களில் ஏறத்தாழ 900 குடும்பங்களை அவ்வாறு கண்டு விசாரித்தார்கள். ரேஷன் கடையில் விரல் ரேகையைச் சரிபார்க்கும் எந்திரம் வந்த பிறகு மக்களுக்குக் கிடைக்கும் தானியம் என்னவாயிற்று என்பதே அவர்களுடைய கேள்வி.

அந்த எந்திரம் அரிசி தர வேண்டுமானால் எத்தனை காரியங்கள் ஒரே வேளையில் ஒத்துவர வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். மின்சாரம் இருக்க வேண்டும். எந்திரம் பழுதின்றி இருக்க வேண்டும். கைப்பேசி அலை எட்ட வேண்டும். தொலைதூரத்திலுள்ள ஆதார்க் கணினி அந்நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். குடும்ப அட்டையில் ஆதார் எண் பிழையின்றிச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். கடைசியாக, விரல் ரேகை தேயாமல் இருக்க வேண்டும். மண்வெட்டி பிடித்தும், நாற்று நட்டும், செங்கல் அறுத்தும் வாழ்கின்ற கைகளில் ரேகை தேய்வது இயல்பு. உழைத்த கையையே எந்திரம் அடையாளம் காண மறுப்பது எவ்வளவு வருந்தத்தக்கது! கிழவர்களும், தனியே வாழும் விதவைகளும், தமக்குப் பதிலாகக் கடைக்குப் போக ஆளில்லாதவர்களும் இதனால் மிகுதியாகத் துன்புற்றனர். மற்றொரு பக்கம், அளவில் குறைத்துக் கொடுக்கும் பழைய திருட்டை எந்திரத்தால் தடுக்க முடியவில்லை. ரேகையை வாங்கிக்கொண்ட பிறகு 5 கிலோவுக்குப் பதில் நாலரைக் கிலோ நிறுத்துக் கொடுத்தால் எந்திரத்துக்கு அது எப்படித் தெரியும்?

அவ்வாண்டு செப்டம்பரில் அதே மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை ஆதாருடன் இணைக்கப்படாமையால் நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் இறந்தாள் என்று தாய் கூறினாள். மலேரியாவால் இறந்தாள் என்று அரசினர் கூறினர். எது எவ்வாறாயினும், வறிய குடும்பம் ஒன்றின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியதும், அதனை உரிய காலத்தில் ஒருவரும் சென்று விசாரிக்காததும் மெய். கணினித் தணிக்கை என்பது கற்றவர்களின் பொழுதுபோக்கன்று, சோற்றைப் பற்றிய விஷயம் என்று நான் கூறுவது இதனால்தான்.

இன்னொரு நிகழ்ச்சி நமக்கு நம்பிக்கை தருவது. 2017 அக்டோபரில் ராஞ்சி மாவட்டத்து நக்ரி வட்டாரத்தில் ஒரு சோதனை தொடங்கப்பட்டது. அதுவரை கிலோ 1 ரூபாய்க்குக் கிடைத்த அரிசியை ஏறத்தாழ 32 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும் என்றும், மானியத்தை அரசு வங்கிக் கணக்கில் செலுத்திவிடும் என்றும் ஏற்பாடு. ஏட்டில் பார்த்தால் நேர்த்தியான திட்டம்தான். நடைமுறையில் மக்கள் வங்கிக்கு நடந்து, பணம் வந்ததா என்று பார்த்து, பொதுச் சேவை மையத்துக்குச் சென்று பணத்தை எடுத்து, அதன் பின்னர்க் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. எத்தனையோ நாள் கூலி இதில் போயிற்று. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன்னார்வ மாணவர்கள் 13 கிராமங்களில் 244 குடும்பங்களை விசாரித்தனர். நூற்றுக்கு 97 குடும்பங்கள் பழைய முறையையே வேண்டின. மக்கள் ஊர்வலமாகத் தலைநகருக்குச் சென்று முறையிட்டார்கள். அரசும் தன் பங்குக்குச் சமூகத் தணிக்கை நடத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. மாணவர் எழுதிய தாளும், மக்கள் எழுப்பிய குரலும், அரசின் சொந்தத் தணிக்கையும் ஒன்று சேர்ந்தபோது ஒரு தவறு திருத்தப்பட்டது.

கூலி எங்கே தங்கியது?

மூன்றாவது எடுத்துக்காட்டு கூலியைப் பற்றியது. வருகைப் பதிவேடு முடிந்த 15 நாட்களுக்குள் கூலி தரப்பட வேண்டும் என்றும், தவறினால் 16-ஆம் நாள் முதல் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவைக் கூலியில் நூற்றுக்கு 0.05 வீதம் இழப்பீடு தர வேண்டும் என்றும் வேலை உறுதிச் சட்டம் கூறிற்று. அதாவது 1,000 ரூபாய் நிலுவைக்கு நாளொன்றுக்கு 50 காசு. தொகை சிறிதாயினும், தாமதத்தை ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது. இந்தக் கணக்கைக் கணினியே போட்டுவந்தது.

லிப்டெக் இந்தியா என்ற குழுவில் பொறியாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் சமூகப் பணியாளர்களும் சேர்ந்து உழைக்கிறார்கள். 2016–17-ஆம் ஆண்டில் பத்து மாநிலங்களில் நடந்த சுமார் 90 லட்சம் கூலிப் பட்டுவாடாக்களை அவர்கள் கணினியிலிருந்து எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றுள் நூற்றுக்கு 21 மட்டுமே உரிய காலத்தில் தொழிலாளியின் கணக்கை அடைந்திருந்தன. ஆனால் அரசின் கணினி காட்டிய தாமதம் இதைவிட மிகக் குறைவு. ஏன்? உள்ளூர் அலுவலகத்தில் பணமாற்ற ஆணையில் கையொப்பமிடும் நாள் வரை நேர்ந்த தாமதத்தையே கணினி எண்ணியது. அதற்கப்பால், தலைநகரிலிருந்து பணம் வந்து சேரும் வரை கழிந்த நாட்களை அது எண்ணவே இல்லை. எண்ணும்படி அதற்குக் கற்பிக்கப்படவில்லை. இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 மே மாதம் அளித்த தீர்ப்பில், கூலியைக் காலத்தில் தர வேண்டிய கடமை அரசினுடையது என்றும், நிர்வாகத்தின் எந்தப் படியில் தாமதம் நேர்ந்தாலும் தொழிலாளி அதற்காகத் துன்பப்படலாகாது என்றும் நீதிமன்றம் கூறிற்று.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? கணினித் தணிக்கையில் இரண்டு கேள்விகள் உண்டு. கணினியில் எழுதியிருப்பது உண்மையா என்பது முதற் கேள்வி. சட்டம் எண்ணச் சொன்னதைக் கணினி எண்ணுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வியை எழுத்தறிந்த எந்த இளைஞனும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குச் சட்டமும் கணிதமும் கணினியும் கற்ற மாணவர் தேவை. நம் பொறியியற் கல்லூரி மாணவர்களின் படிப்பு இங்கேதான் கிராமத்துக்குப் பயன்படும்.

புகைப்படமும் பணித்தளமும்

வேலைத் தளத்தில் வருகையைக் கைப்பேசிச் செயலி மூலம் படத்துடன் பதிவு செய்யும் முறை 2021 மே மாதம் தொடங்கியது. 2023 ஜனவரி முதல் அது பெரும்பாலும் எல்லாப் பணிகளுக்கும் கட்டாயமாயிற்று. நாளுக்கு இருமுறை படம் எடுக்க வேண்டியிருந்தது. போலி வருகையை ஒழிப்பதே நோக்கம். ஆனால் 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே வெளியிட்ட சுற்றறிக்கையில், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் பிடித்து ஏற்றியவையும், படத்தில் உள்ள தலைகளுக்கும் பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கும் பொருந்தாதவையும் காணப்படுவதாகக் குறிப்பிட்டு, பஞ்சாயத்து அளவில் படங்களை மனிதர்களே சரிபார்க்க வேண்டும் என்று பணித்தது. ஏமாற்ற நினைப்பவன் ஏமாற்றினான். அலை கிடைக்காத தளத்தில் உண்மையாக உழைத்தவளோ வருகை பதியாமல் கூலி இழக்கும் அபாயத்துக்கு ஆளானாள். எந்திரக் காவலின் குறை எப்போதும் இப்படி இருபுறமும் வெட்டும். ஒரு புறத்தை மட்டும் பார்ப்பது தணிக்கையாகாது.

மாணவர் செய்ய வேண்டிய வேலை

இனி நம் கிராமங்களில் இவ்வேலை எவ்வாறு நடைபெற வேண்டும் என்று பார்ப்போம். மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்புவது நமக்குப் புதிதன்று. 1969-ஆம் ஆண்டில் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. அதன் முகாம்களில் மாணவர்கள் சாலை போட்டார்கள், குளம் தூர் எடுத்தார்கள், மரம் நட்டார்கள். அவை நல்ல பணிகளே. கணக்கைச் சரிபார்ப்பதும் அவற்றுக்குக் குறைந்த சேவையன்று. குளத்தில் வண்டல் சேர்வதுபோல் கணக்கிலும் பிழை சேரும். அதுவும் காலத்தில் தூர் எடுக்கப்பட வேண்டும்.

முதலாவதாக, ஒரு திட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ரேஷன், ஓய்வூதியம், பட்டா மாறுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பார்க்கப் புகுந்தால் எதையும் பார்த்ததாகாது.

இரண்டாவதாக, வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை முறையாக இருக்க வேண்டும். தலைவர் காட்டும் பத்து வீடுகளும், குறை கூறுவோர் இழுத்துச் செல்லும் பத்து வீடுகளும் ஊராகா. பட்டியலில் பத்துக்கு ஒன்று என்று எண்ணிச் செல்லலாம். காலனியும், ஊரை விட்டு விலகிய குக்கிராமமும், தோட்டத்து வீடுகளும் விடுபடலாகாது. பட்டியலில் உள்ளவர்களை மட்டும் பார்த்தாலும் போதாது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களையும் தேடிச் சென்று காண வேண்டும். உண்மையான துன்பம் பெரும்பாலும் அவர்களிடத்தில்தான் இருக்கும்.

மூன்றாவதாக, மூன்று சான்றுகளை ஒப்பிட வேண்டும். கணினியில் உள்ள பதிவு ஒன்று. வீட்டில் உள்ள அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா நகல் ஆகிய காகிதம் ஒன்று. சம்பந்தப்பட்டவரின் வாய்மொழி ஒன்று. மூன்றும் ஒத்திருந்தால் நன்று. ஒன்று மாறுபட்டால் ஏன் என்று துருவ வேண்டும்.

நம் தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் அல்லது கணவரின் பெயரிலிருந்து தலைப்பெழுத்து வைத்துக்கொள்கிறோம். ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால் இருக்கும். வங்கியில் முன்னால் இருக்கும். குடும்ப அட்டையில் தந்தையின் பெயர் முழுமையாக இருக்கும். ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதுவார். பழனியம்மாள் என்ற ஒரே பெண்மணி மூன்று அலுவலகங்களில் மூன்று பேராகிவிடுவார். கணினி மூவரையும் வேறு வேறாகவே காணும். இப்பிழையை எழுதிப் பட்டியலிட்டுத் தாலுகா அலுவலகத்திலும் வங்கியிலும் ஒரே நாளில் திருத்தச் செய்தால், எத்தனையோ முதியவர்கள் அலைச்சலிலிருந்து விடுபடுவார்கள்.

நான்காவதாக, நின்று பார்க்கும் தணிக்கையும் வேண்டும். நியாய விலைக் கடை திறந்தது முதல் அடைக்கும் வரை மாணவர் இருவர் ஓரமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் வந்த நேரம், எந்திரத்தில் விரல் வைத்த தடவை, ஏற்றதா மறுத்ததா, மறுத்தபோது மாற்று வழி தரப்பட்டதா, வெறுங்கையுடன் திரும்பியவர் எத்தனை பேர் என்று குறித்து வரட்டும். எந்திரம் ஏற்றுக்கொண்ட விற்பனையை மட்டுமே மேலிடத்துக் கணக்கு காட்டும். வெறுங்கையுடன் திரும்பிய பாட்டியைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரியும் இராது. அந்த வரியை எழுதுவதுதான் மாணவரின் வேலை.

பஞ்சாயத்தின் அச்சமும் மாணவரின் கடமையும்

இவ்விடத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் மனத்தில் எழும் சில ஐயங்களை நான் அறிவேன். “நேற்று வந்த பிள்ளைகள் நம் ஊர்க் கணக்கைக் கிளறுவதா?” என்று ஒருவர் கேட்கக் கூடும். “பிழை கண்டால் பழி நம் தலையில் அல்லவா விழும்?” என்று மற்றொருவர் நினைக்கக் கூடும். இவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. அதனாலேயே சில வரம்புகளை நாம் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர் கண்டவை முதலில் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். செய்தித்தாளுக்கோ மேலிடத்துக்கோ முதலில் செல்லலாகாது. பிழையின் மூலம் எது என்று பிரித்து எழுத வேண்டும். பஞ்சாயத்துச் செயலர் செய்த பிழை வேறு. மாவட்டத்தில் நேர்ந்த தாமதம் வேறு. தலைநகரில் கணினி வகுத்தவர்கள் விட்ட குறை வேறு. மேலே விட்ட குறைக்குக் கீழே உள்ள எழுத்தரைத் திட்டுவது நியாயமன்று. நேர்மையான பஞ்சாயத்துக்கு இத்தணிக்கை ஒரு கவசமாகும். “கூலி தாமதமானது எங்களால் அன்று, நாங்கள் ஆறாம் நாளே கையொப்பமிட்டோம்” என்று தேதியுடன் சொல்ல அதற்குச் சான்று கிடைக்கிறது.

மாணவருக்கும் கண்டிப்பான விதிகள் உண்டு. எவருடைய ஆதார் எண்ணையும், வங்கிக் கணக்கு எண்ணையும், இரகசிய எண்ணையும் அவர்கள் தங்கள் குறிப்பேட்டில் எழுதிச் செல்லலாகாது. எவருடைய விரல் ரேகையையும் வாங்கலாகாது. குடும்ப அட்டையைப் படம் பிடித்துக் கைப்பேசியில் பரப்பலாகாது. குறைகளைக் காக்க வந்தவர்களே புதிய ஏமாற்றுக்கு வழி திறந்துவிடக் கூடாது. அவர்கள் உதவி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்கலாகாது. ஒருவரிடமிருந்தும் விருந்தோ வண்டியோ பெறலாகாது. மாணவியரும் குழுவில் இருப்பது நன்று. வீட்டில் உள்ள பெண்கள் அப்போதுதான் மனம் விட்டுப் பேசுவார்கள். வேலைக்குச் சென்றவர்கள் திரும்பிவரும் மாலை வேளையிலேயே வீடுகளுக்குச் செல்ல வேண்டும். பகலில் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு “ஆள் இல்லை” என்று எழுதிச் செல்வது பழைய குமாஸ்தாத்தனம்.

கல்லூரி நிர்வாகமும் ஒன்றை உணர வேண்டும். மாணவர் வந்து, தாள் நிரப்பி, மதிப்பெண் பெற்றுச் சென்றுவிட்டால் கிராமத்துக்கு எஞ்சுவது ஏமாற்றமே. ஆந்திராவின் சமூகத் தணிக்கையில் முறைகேடுகள் பல வெளிவந்தன; ஆனால் கண்டறிந்த தொகை முழுவதும் மீட்கப்படவில்லை. கண்டுபிடிப்பது பாதி வேலை. திருத்துவது மறு பாதி. ஆகவே ஒவ்வொரு குறையும் எந்த அலுவலரிடம், எந்தத் தேதியில் மனுவாகக் கொடுக்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்பது எழுதப்பட வேண்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர் குழு முதலில் அந்தப் பழைய பட்டியலைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவது வழக்கம். 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் அவற்றுடன் சேர்க்கப்பட்டுள்ளன. கல்லூரி விடுமுறை முடியும் தறுவாயில் வரும் ஒரு கிராம சபையை இதற்கென ஒதுக்கலாம். அருகிலுள்ள கல்லூரிக்குப் பஞ்சாயத்தே கடிதம் எழுதி அழைக்கலாம். மாணவர் தங்கப் பள்ளிக் கட்டடமோ சமுதாயக் கூடமோ போதும். பதிவேடுகளைப் பார்வையிட அனுமதிக்கும் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி வைத்தால், பின்னர்ச் சச்சரவுக்கு இடமிராது.

உழவர் பெருமக்களும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பட்டாவைக் கணினியில் எடுத்துப் பாருங்கள். புல எண், உட்பிரிவு, பரப்பு, பெயர் ஆகிய நான்கும் உங்களிடமுள்ள பத்திரத்துடன் ஒத்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். வாங்கி விற்கும் வேளையில் பிழையைக் கண்டு திகைப்பதைவிட, விதைப்பு முடிந்து ஓய்ந்திருக்கும் வேளையில் கண்டு மனுச் செய்வது எளிது. படிக்கத் தெரியாதவர்கள் கூச்சமின்றி மாணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் நிலத்தின் கணக்கை நீங்கள் கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நாளை உங்களில் பலர் அரசுக்கும் கம்பெனிகளுக்கும் கணினி வேலை செய்யப் போகிறீர்கள். நீங்கள் வகுக்கும் ஒரு கட்டத்தில், நீங்கள் விதிக்கும் ஒரு நிபந்தனையில், கண் தெரியாத ஒரு கிழவியின் மாதாந்திர அரிசி தங்கியிருக்கக் கூடும். அவள் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை அமர்ந்து அவள் சொல்வதைக் கேட்டவன், விரல் ரேகை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை எழுதாமல் தன் வேலையை முடிக்க மாட்டான். அந்தப் பாடத்தைக் கிராமத்தைத் தவிர வேறெங்கும் நீங்கள் கற்க முடியாது.

உறுப்பினர்களே, அடுத்த கிராம சபைக்கு முன்பாக உங்கள் ஊரில் ரேஷன் அட்டை நீக்கப்பட்டவர்கள், ஓய்வூதியம் நின்றுபோனவர்கள் ஆகியோரின் பெயர்களை மட்டுமேனும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வரும் மாணவர் குழுவுக்கு அதுவே முதல் வேலையாகட்டும். அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணமும் தீர்வும் எழுதப்படும் நாளில், நம் கிராம சபை கணினிக் கணக்கையும் கேட்டு வாங்கத் தெரிந்துகொண்டது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.